எட்டாவது ஓட்டை

புதன்கிழமை காலை மஞ்சுளா கண்ணாடி மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, உள்ளே இருந்த தங்கக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அது ஓடக்கூடாது. முந்தின நாள் சாயங்காலம் அவளே அதன் முறுக்கை முழுக்க இறக்கிவிட்டு, வினாடி முள் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடி வைத்தாள். பழைய கடிகாரத்தைக் கழற்றுவதற்கு முன் செய்கிற முதல் வேலை அது. ஓசூரில் கடிகாரக் கம்பெனியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு அதெல்லாம் பல் விளக்குகிற மாதிரி, மறந்திருக்க வழியில்லை. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இப்போதுதான் யாரோ கையிலிருந்து கழற்றியதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

தறிதான், என்று சொல்லிக்கொண்டாள். பள்ளிபாளையத்தில் அவள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிப் பட்டறைகள். ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். அந்த அதிர்வில் டம்ளரில் ஊற்றிய தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கும். மூலையில் சாய்த்த துடைப்பம் தானாகச் சரிந்து விழும். இதுவோ ஆட்டோமேட்டிக் கடிகாரம். கட்டியவர் கை ஆட ஆட உள்ளே ஒரு எடை ஆடி, தானே முறுக்கேற்றிக்கொள்ளும். கை ஆடினால் ஏறுவது மேசை ஆடினாலும் ஏறாதா? அவளுக்கே முழுக்க நம்பிக்கை வராத காரணம்தான். ஆனால் ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கிற வரைக்கும் அது போதுமாக இருந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் ஓசூர் வேலையை விட்டு ஊருக்கு வந்தாள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணம் என்ற பேச்சு அதற்கும் வெகுகாலம் முன்பே நின்றுபோயிருந்தது. இப்போது சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் பழைய கடிகாரம் சேர்க்கிறவர்கள் கூரியரில் அனுப்புவார்கள், இவள் சரிசெய்து கூரியரிலேயே திருப்பி அனுப்புவாள். பெரும்பாலும் முகம் பார்ப்பதில்லை, நேரில் கொண்டுவருகிற உள்ளூர்க்காரர் எப்போதாவது ஒருவர். சில நாள் காலையிலிருந்து படுக்கிறவரை வாயே திறந்திருக்க மாட்டாள். மறுநாள் காய்காரரிடம் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்கப்போனால் குரல் கரகரக்கும்.

இந்தக் கடிகாரம் கூரியரில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை சங்ககிரியிலிருந்து கோகுல்ராஜ் என்பவர் ஃபோன் செய்தார். லாரி ஆபீஸ் வைத்திருப்பவர். அவருடைய அப்பா மணியன் முந்தின நாள் இறந்துபோயிருந்தார். எண்பத்தொரு வயது. கையில் ஒரு கடிகாரம். அது தங்கமா, முலாமா என்று மதியத்துக்குள் தெரியவேண்டும். முலாம் என்றால் கையோடு போகட்டும். தங்கம் என்றால் எரிப்பதற்கு முன் கழற்றியாக வேண்டும், பிணத்தோடு பொன் போகக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"அப்பா அதெ ஒருநாளும் கழட்டுனதில்லீங்க்கா. பாம்பே லோடு போன காலத்துல பழசா வாங்குனது. எங்களுக்குக் கை வெக்கவே மனசு வரலீங்க" என்றார்.

மஞ்சுளா போனாள். அவளுக்காக ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தார்கள். செவ்வந்தியும் பன்னீரும் கலந்த குளிர்காற்று முகத்தில் அடித்தது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தாள். டயலில் கம்பெனி பெயர் தேய்ந்துபோயிருந்தது. ஸ்ட்ராப்பில் கம்பெனி போட்ட ஓட்டைகளைத் தாண்டி, ஆள் மெலிய மெலிய ஆணியால் குத்திய ஓட்டைகள் வரிசையாக இருந்தன. கூட்டின் ஓரங்கள் அத்தனை வருடம் சட்டைக் கையில் உரசித் தேய்ந்தும், எங்கேயும் அடியிலிருந்து பித்தளை எட்டிப்பார்க்கவில்லை. தங்கம்தான். பின்பக்கம் பார்ப்பதற்காகக் கிழவரின் கையைத் தூக்கினாள்.

டொக்.

அவள் விரலுக்கடியில், அந்தச் சில்லிட்ட மணிக்கட்டில், ஏதோ துடித்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். டொக். நாடி என்றே நினைத்துவிட்டாள். கையை நழுவவிடப் பார்த்தவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. முழுச்சுற்று சுற்றாமல், இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளுக்கு நடுவே எடை முட்டி முட்டித் திரும்பும் மிகப் பழைய ஆட்டோமேட்டிக். பம்பர் என்பார்கள். எழுபது வருடத்துக்கு முன்பே செய்வதை நிறுத்திவிட்டார்கள். தங்கக் கூட்டில் இப்படி ஒன்றை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

"தங்கமுங்க. கெடைக்காத சாமானுங்க" என்று சொல்லி, மெதுவாகக் கழற்றினாள். கழற்றும்போது அது நடந்தது. யார் கையிலிருந்து கடிகாரம் வாங்குகிறாளோ அவர்களைப் பார்த்துத்தான் எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுவாள். வாய் தன்பாட்டுக்குக் கிழவரைப் பார்த்துச் சொல்லிவிட்டது.

"ஒரு வாரத்துல செரி பண்ணி வெச்சர்றனுங்க. ஊட்டுக்கு வந்து வாங்கிக்குங்க."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிழவரின் தங்கை சின்னாயி வெடுக்கென்று நிமிர்ந்தாள். "ஏனம்மிணி, எழவூட்ல நின்னுக்கிட்டு யாரெ ஊட்டுக்கு வாங்கங்கறே? போறப்பக்கூட வாரேன்னு சொல்லப்படாது. உனக்குத் தெரியாதா?"

"வாய் தவறிருச்சுங்க."

"உனக்கு வாய் தவறிருச்சு. அவனுக்குக் காது கேட்டிருக்குமே சாமி."

மஞ்சுளா கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்து பஸ் ஏறினாள்.

புதன்கிழமை முழுக்க வேலை செய்தாள். பின்மூடியைத் திறந்ததும் உட்புறத்தில், சுவிட்சர்லாந்துத் தங்கத்துக்கு இடுகிற பெண்தலை முத்திரை. பதினெட்டு காரட். பார்த்ததும் தனியாக உட்கார்ந்தே சிரித்துவிட்டாள். சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்ரோலில் அலசி, ஊசிமுனையில் எண்ணெய் தொட்டு வைத்தாள். எடை முட்டுகிற ஸ்பிரிங் ஒன்று தளர்ந்திருந்தது. அதைப் புதிதாக வளைத்துச் செய்ய இரண்டு மூன்று நாளாவது ஆகும். அதனால் எடையைக் கழற்றித் தனி டப்பாவில் போட்டுவிட்டு, மற்றதைப் பூட்டினாள். பழைய ஸ்ட்ராப்பை எடுத்துவிட்டு ஏழு ஓட்டை உள்ள புதுத் தோல் ஸ்ட்ராப் மாட்டினாள். ஓரத்துக் குமிழைத் திருகி முறுக்கு ஏற்றவில்லை. எடை இல்லாத கடிகாரம் இனி வீடே இடிந்து குலுங்கினாலும் தானாக ஓடாது.

வியாழக்கிழமை காலை ஓடிக்கொண்டிருந்தது.

புது ஸ்ட்ராப்பின் ஏழாவது ஓட்டைக்குக் குறுக்கே ஆழமாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. ராத்திரி முழுக்கக் கையில் கட்டியிருந்தால்தான் தோல் அப்படி மடியும். தன் கையில் கட்டிப் பார்த்தாள். அவளுக்கு நான்காவது ஓட்டையே சரியாக இருந்தது. ஏழாவது ஓட்டை என்றால் அவ்வளவு மெலிந்த கை. அவ்வளவு மெலிந்த கை ஒன்றை அவள் முந்தாநாள் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் அரளவும் இல்லை, அங்கே இருட்டும் இல்லை. ஜன்னல் வெயில் மேசைமேல் பளிச்சென்று விழுந்து கிடந்தது.

கடிகாரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிறு இல்லாத தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பீரோவைத் திறந்ததும் செவ்வந்தியும் பன்னீரும் கலந்த குளிர்காற்று முகத்தில் அடித்தது. கடிகாரம் ஓடியது. அதே ஏழாவது ஓட்டை.

அன்றைக்கு அவள் கோகுல்ராஜுக்கு ஃபோன் செய்திருக்கவேண்டும். செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் வெட்கத்தை விட்டுத்தான் சொல்லவேண்டும்: வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு, ராத்திரி விளக்கை அணைக்கும்போது அந்தக் கூடம் காலியாக இல்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். தெரிந்தும் அவள் காபி போடும்போது இரண்டு டம்ளர் எடுத்தாள். வேலை கொடுக்க வருகிறவர்கள் உட்கார்வதற்காக மேசைக்கு எதிரே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு முன்னால் ஒன்றை வைத்தாள்.

"எங்கம்மாளுக்கும் கடைசியில இப்படித்தானுங்க, வளையல் எல்லாம் முழங்கையில வந்து நிக்கும்" என்றாள், வேலையிலிருந்து தலை நிமிராமல். தன் குரல் கூடத்தில் ஒலிப்பது நன்றாக இருந்தது. ஓசூரில் ஹாஸ்டல் பெண்களோடு பஸ் ஏறியதைச் சொன்னாள். பதினைந்து வருடத்துக்கு முன் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்ட ஒருவனைப் பற்றி, அம்மாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். இரண்டு பக்கமும் தறி அடித்த அடியில் பதில் வந்ததா இல்லையா என்பதே தெரியாமல் இருந்தது சௌகரியமாக இருந்தது. டம்ளர் காபி ஆறி ஆடை படிந்தது. சனிக்கிழமையும் அப்படியே போனது. அந்த இரண்டு நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ராப்பில் எட்டாவதாக ஒரு ஓட்டை இருந்தது.

கடையில் போட்டு வந்த ஓட்டை இல்லை. ஆணி மாதிரி எதையோ வைத்துக் குத்தி, தோல் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தது. ஏழாவது ஓட்டைக்கு அடுத்ததாகக்கூட இல்லை. இரண்டு விரற்கடை தள்ளி, உள்ளே, தைத்த இடத்துக்குப் பக்கத்தில். மடிப்பு இப்போது அங்கே விழுந்திருந்தது. அந்த ஓட்டையில் பூட்டிப் பார்த்தாள். இவ்வளவு சின்ன வளையத்துக்குள் யார் கை போகும்? சமையலறைக்குப் போய்க் கரண்டிக் காம்பில் மாட்டினாள், தொளதொளத்தது. பூரிக்கட்டையில் மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

சதை இருக்கிற கை இல்லை அது.

ஸ்ட்ராப்பின் உட்புறம் சாம்பல் நிறத்தில் என்னவோ அப்பியிருந்தது. திருநீறாக இருக்கும் என்று விரலால் தேய்த்தாள். நறநறத்தது.

கோகுல்ராஜுக்கு ஃபோன் போட்டபோது அவள் வாசலுக்கு வெளியே தெருவில் நின்றிருந்தாள். "தம்பி, அப்பாவெ..." என்று தொடங்கி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றாள். "சாம்பல் எல்லாம் எங்கீங்க கரைச்சீங்க?"

"பவானி கூடுதுறைலதானுங்க்கா. புதன்கெழமெ காலைல. ஏனுங்க?"

பவானியில் காவிரியில் கரைத்தது பள்ளிபாளையத்தை ஒட்டித்தான் ஓடிப்போக வேண்டும்.

"ஒண்ணுமில்லீங்க. கடிகாரம் முடிஞ்சுருச்சு. இன்னிக்கே வந்து எடுத்துக்குங்க."

"ஊட்ல சடங்கு வேலை கெடக்குதுங்க்கா. செவ்வாக்கெழமெ வந்தர்றேன்."

"இன்னிக்கே வாங்களேன் தம்பி."

"செவ்வாக்கெழமெ கண்டிப்பா வாரனுங்க."

முடிந்தது என்று சொன்னது பொய். ஸ்பிரிங்கை அன்றே வளைத்து, எடையைப் பூட்டி முடித்தாள். நாற்காலி இருந்த பக்கம் பார்க்கவில்லை. இரண்டு டம்ளர் எடுக்கவில்லை. திங்கட்கிழமை வீட்டிலேயே இருக்கவில்லை. பெண்களுக்கு டிக்கெட் கேட்காத டவுன் பஸ்ஸில் ஏறி ஈரோட்டுக்குப் போவதும், அதே பஸ்ஸில் திரும்பி வருவதும், மறுபடி ஏறுவதுமாகப் பொழுதைத் தள்ளினாள். ஆறு தடவை காவிரிப் பாலத்தைக் கடந்தாள். ஏழாவது தடவை கண்டக்டர், "என்னங்க்கா, ஊடு இல்லையா?" என்று கேலி செய்தார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ராத்திரி ஓரகத்தியோ நாத்தனாரோ யாராவது ஒருத்தர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றால், அப்படி யாரும் அவளுக்கு இல்லை. எல்லா விளக்கையும் போட்டுச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். விடியும்வரை தறி ஓடியது. அந்தச் சத்தம் ஒன்றுதான் துணை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன.

மாதம் ஒருநாள் மின்சார வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும். பேப்பரில் போட்டிருந்தார்கள், அவள் பார்க்கவில்லை. தெரு முழுக்க ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டது. தண்ணீர் டம்ளரில் நடுக்கம் நின்றது. தூரத்தில் எங்கோ காகம் கரைந்தது. அடுத்த தெருவில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. தன் மூச்சு தனக்கே கேட்டது.

பத்து மணிக்குக் கோகுல்ராஜ் காரில் வந்தார். மொட்டை அடித்த தலையில் துண்டு. நாற்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே கடிகாரத்தை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டார். மூன்றாவது ஓட்டையில் பூட்டினார். கையை ஆட்டியதும் உள்ளே எடை முட்டியது. டொக். டொக். அந்த அமைதியில் இரண்டு பேருக்கும் கேட்டது.

"அப்பா பக்கத்துல படுத்திருந்தா இது கேக்குமுங்க" என்றார். கண் நிறைந்துவிட்டது. "நல்லபடியா பண்ணிப்போட்டீங்க்கா. கருமாதிக்கு வந்துருங்க."

"செரிங்க தம்பி."

அவர் படியிறங்கும்போது கூடவே யாராவது இறங்குகிறார்களா என்று மஞ்சுளா உற்றுப் பார்த்தாள். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பி, கண்ணுக்கு மறைந்தது. போய்விட்டது. பெருமூச்சு விட்டாள். மனதில் ஒரு மூலையில், சொன்னால் சிரிப்பார்கள், கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மேசைமேல் பூதக்கண்ணாடி, திருப்புளிகள், காலியான கண்ணாடி மூடி. எல்லாவற்றையும் துடைத்து எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

வாசல் கேட்டின் கொண்டி தூக்கிய சத்தம் கேட்டது.

கோகுல்ராஜ் எதையோ மறந்துவிட்டாராக்கும் என்று நினைத்தாள். கார்ச் சத்தம் இல்லை. படியில் செருப்புச் சத்தம் இல்லை. உலர்ந்த விறகு ஒன்றின்மேல் ஒன்று உரசுகிற மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு, படி ஏறி வந்தது. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் வந்தது. தறி ஓடியிருந்தால் இது கேட்டிருக்காது. இத்தனை நாளும் இது கேட்காமல்தான் போயிருக்கிறது.

பிளாஸ்டிக் நாற்காலி லேசாக முனகியது. அதன் கால்கள் நான்கும் தரையில் கொஞ்சம் அகன்றன.

செவ்வந்தி. பன்னீர். குளிர்.

ஓடவேண்டும் என்று நினைத்தாள். வாசலுக்கு அந்த நாற்காலியைத் தாண்டித்தான் போகவேண்டும். நாற்காலியில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் விழுந்த தரை தெரிந்தது. ஆனால் அது காத்திருந்தது. வேலை கொடுத்தவர்கள் காத்திருப்பதுபோல. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவள் சொன்ன ஒரு வாரம் முடிந்த நாள். இந்த ஏழு ராத்திரியும் வேலை எதுவரை வந்தது என்று பார்த்துவிட்டுப் போனவர், இன்றைக்கு வாங்கிக்கொள்ள வந்திருக்கிறார்.

வாய் உலர்ந்து ஒட்டியிருந்தது. பிரித்தெடுத்துப் பேசினாள்.

"ஐயா... உங்க பையன்கிட்டக் குடுத்துட்டனுங்க."

வலது கையால் வாசலைக் காட்டினாள்.

"இப்பத்தானுங்க. இப்பத்தான் வாங்கிட்டுப் போறாரு. நீங்க... அங்க போனீங்கன்னா..."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. நிதானமாக.

மேசைமேல் ஊன்றியிருந்த அவளுடைய இடது கையைச் சில்லென்று ஏதோ சுற்றிப் பிடித்தது. வலிக்கவில்லை. பழைய, விலைமதிக்க முடியாத பொருளைத் தொடுகிறவர்கள் அப்படித்தான் தொடுவார்கள். அந்தப் பிடிக்குள்ளே அவள் நாடி அடித்தது. டொக். டொக். கை மேசையைவிட்டு எழுந்தது. அவள் எழுப்பவில்லை. மெல்ல, மெல்ல மேலே போய், எதிரே நிற்கிற ஒருவருக்குக் காது இருக்கவேண்டிய உயரத்தில், அந்தரத்தில் நின்றது.

நெடுநேரம் அப்படியே நின்றது. தெருவில் எங்கும் சத்தம் இல்லை.

பயத்தில் நாடி ஒரு அடி தவறியது. அடுத்த அடியும்.

மணிக்கட்டின் ஓரத்தில், சுண்டுவிரல் பக்கம் குமிழாகத் துருத்தியிருக்கும் எலும்பை இரண்டு விரல்நுனிகள் தேடிப் பிடித்தன. சதை இல்லாத நுனிகள். பிடித்து, முன்பக்கமாக மெதுவாக ஒரு திருகு திருகின. பின்னால் விட்டன. மறுபடி முன்பக்கமாக, இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகின.